அயலகத்தார்: 'பாரோய்கோஸ்' என்னும் விவிலியக் கிரேக்கச் சொல்லும் தமிழ் மொழிபெயர்ப்பில் அது இழந்த பொருளும்

முன்னுரை

சிட்னி மாநகரின் மேற்கே, ஈழத் தமிழர் செறிந்து வாழும் புறநகர்களுள் ஒன்று வென்ட்வேர்த்வில். சில ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே ஒரு வீட்டில் நடைபெற்ற விவிலிய வாசிப்பில் பேதுருவின் முதலாம் நிருபம் எடுத்துக்கொள்ளப்பட்டது. இரண்டாம் அதிகாரத்தின் பதினோராம் வசனத்தில் 'பரதேசிகள்' என்ற சொல் வந்ததும், எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் வாசிப்பை மறித்து, "நாங்கள் என்ன பரதேசியளே, தம்பி? வீடு வாசலோடைதானே இருந்தனாங்கள்" என்று என்னிடம் கேட்டார். கிரேக்கம் கற்றவன் என்பதனால் கேள்வி என்னை நோக்கி வந்தது. 'இது ஆன்மிகப் பொருளில் வந்த சொல், அம்மா. இவ்வுலகில் நாம் அனைவரும் வழிப்போக்கர்தானே' என்று விடை கூறினேன். அவர் மறுத்துப் பேசவில்லை, ஏற்றுக்கொண்டதாகவும் தெரியவில்லை.

அன்று நான் கூறிய விடை போதாதது. ஒரு பகுதி பிழையானதும்கூட. அந்த வசனத்தில் இரண்டு கிரேக்கச் சொற்கள் இணைந்து வருகின்றன. அம்மூதாட்டியைத் தடுக்கிய சொல் 'பரதேசிகள்'. அவர் தடுக்காமல் கடந்து சென்ற மற்றைய சொல் 'அந்நியர்கள்'. இவ்விரண்டாவது சொல்லுக்கு மூலமாக நிற்பது 'பாரோய்கோஸ்' என்பதாகும். அது வழிப்போக்கரைக் குறிப்பதன்று. ஓர் ஊரில் நிலையாக வாழ்ந்தும் அவ்வூரின் குடியுரிமை பெறாதவரைக் குறிப்பது. இச்சொல் தமிழுக்கு வந்தபோது 'உறைதல்' என்ற அதன் அடிப்பொருள் மறைந்து 'அலைதல்' என்ற பொருள் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது என்பதையும், அதே இழப்பு இன்றைய புலம்பெயர் ஆய்வுகளின் கலைச்சொற்களிலும் தொடர்கின்றது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கின்றது. அவ்விழப்பை ஈடுசெய்யத்தக்க சொல் தமிழ் விவிலியத்திற்குள்ளேயே வேறோர் இடத்தில் இருக்கின்றது என்பதும் இங்கே எடுத்துக்காட்டப்படும்.

1. ஆய்வுக்குரிய மூலங்கள்

தமிழில் புதிய ஏற்பாட்டின் அச்சு வரலாறு சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1714-1715இல் வெளியிட்ட பதிப்போடு தொடங்குகின்றது. இலங்கையில் பிலிப் தெ மெல்லோவின் மொழிபெயர்ப்பு 1759இல் கொழும்பில் அச்சேறியது. பப்ரிசியசின் புதிய ஏற்பாடு 1772இல் வந்தது. ஆறுமுக நாவலரின் துணையோடு பேர்சிவல் பாதிரியார் யாழ்ப்பாணத்தில் உருவாக்கிய விவிலியம் 1850இல் வெளியாயிற்று. இவ்வழியின் தொகுப்பாக, ஹென்றி பவர் தலைமையில் அமைந்த குழுவின் ஐக்கிய மொழிபெயர்ப்பு 1871இல் முழுமையுற்றது. புரட்டஸ்தாந்து சபைகளில் இன்றுவரை மிகப் பரவலாக வாசிக்கப்படுவதும், மேற்படி வீட்டில் அன்று வாசிக்கப்பட்டதும் இதுவே. ஆகையால் இக்கட்டுரை இதனையே முதன்மை மூலமாகக் கொள்கின்றது. கத்தோலிக்கரும் பிறரும் இணைந்து உருவாக்கி 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு வேண்டிய இடத்தில் ஒப்பு நோக்கப்படும்.

2. ஒரு தமிழ் இணை, மூன்று கிரேக்க இணைகள்

வெளியாரைக் குறிக்கப் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் மூன்று சொற்கள் முதன்மையாக வழங்குகின்றன. முதலாவது 'க்சேனோஸ்': முன்பின் அறியாத வேற்றார், விருந்தினரையும் அது குறிக்கும். இரண்டாவது 'பாரெபிதேமோஸ்': ஓர் ஊரில் சிறிது காலம் தங்கிச் செல்பவர். மூன்றாவது 'பாரோய்கோஸ்': ஓர் ஊரில் குடியமர்ந்து வாழும் வேற்றார். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே இருப்பது காலமும் உறவும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே இருப்பது நிலைபேறு.

இம்மூன்றும் இரண்டிரண்டாக இணைந்து வரும் இடங்கள் மூன்று. எபேசியர் 2:19இல் க்சேனோசும் பாரோய்கோசும் இணைகின்றன. எபிரெயர் 11:13இல் க்சேனோசும் பாரெபிதேமோசும் இணைகின்றன. 1 பேதுரு 2:11இல் பாரோய்கோசும் பாரெபிதேமோசும் இணைகின்றன. ஐக்கிய மொழிபெயர்ப்பில் இம்மூன்று இடங்களிலும் நாம் காண்பது ஒரே இணைதான்: அந்நியர், பரதேசிகள். இதன் விளைவாகப் பாரோய்கோஸ் என்ற ஒரே சொல் எபேசியர் நிருபத்தில் 'பரதேசி' ஆகவும் பேதுருவின் நிருபத்தில் 'அந்நியர்' ஆகவும் வருகின்றது. தமிழை மட்டும் வாசிப்பவர் மூன்று இடங்களிலும் ஒன்றையே வாசிக்கின்றார்.

இதனை மொழிபெயர்ப்பாளரின் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. ஆதியாகமம் 23:4இல் ஆபிரகாம் தன்னைக் குறித்துக் கூறும் எபிரேய இணையும் தமிழில் இவ்வாறே அமைந்துள்ளது. வேற்றாரைக் குறிக்கும் ஓர் ஓசையொழுங்குடைய மரபுத்தொடராகவே 'அந்நியரும் பரதேசிகளும்' என்பது தமிழ் விவிலியத்தில் நிலைபெற்றிருக்கின்றது. சபையில் உரக்க வாசிக்கப்படும் நூலுக்கு இத்தகைய தொடர்கள் பயன்மிக்கவை. ஆயினும் மரபுத்தொடர் நிலைபெறும்போது அதன் உறுப்புகள் தனித்தனிப் பொருளை இழந்துவிடுகின்றன.

3. உறைதல் அலைதலான விதம்

பாரோய்கோஸ் என்ற பெயர் புதிய ஏற்பாட்டில் நான்கு இடங்களில் மட்டுமே வருகின்றது. அதனோடு தொடர்புடைய வினைச்சொல் இரண்டு இடங்களிலும், 'பாரோய்கியா' என்ற பண்புப்பெயர் இரண்டு இடங்களிலும் வருகின்றன. ஆக எட்டு இடங்கள். இவற்றுள் மூன்று இடங்களில் ஐக்கிய மொழிபெயர்ப்பு கையாளும் வினை நோக்கற்பாலது.

அப்போஸ்தலர் 7:29இல் மோசே எகிப்திலிருந்து தப்பி மீதியான் நாட்டில் பாரோய்கோஸ் ஆனான் என்று கூறப்படுகின்றது. அங்கே அவனுக்கு இரண்டு புதல்வர் பிறந்தனர் என்றும் அதே வசனம் சொல்கின்றது. மணம் முடித்து, மக்களைப் பெற்று, மந்தை மேய்த்து வாழ்ந்த ஒருவனுடைய வாழ்வு அது. தமிழில் அவன் 'சஞ்சரித்துக்கொண்டிருந்தான்'. எபிரெயர் 11:9இல் ஆபிரகாம் வாக்களிக்கப்பட்ட நாட்டில் குடியிருந்ததைக் குறிக்கும் வினையும் 'சஞ்சரித்து' என்றே ஆகின்றது. 'பரதேசியைப்போல' என்ற உவமையும் உடன் வருகின்றது. 1 பேதுரு 1:17இல் பாரோய்கியா என்ற பெயரும் பரதேசிகளாய்ச் சஞ்சரிப்பதாகவே பெயர்க்கப்படுகின்றது.

கிரேக்கச் சொல்லின் பகுதியாகிய 'ஓய்கோஸ்' வீட்டைக் குறிப்பது. அதன் வினை குடியிருத்தலைக் குறிப்பது. வீட்டைப் பகுதியாகக் கொண்ட சொல் தமிழில் வீடற்ற சொல்லாக மாறியிருக்கின்றது.

இதற்கான காரணத்தைப் 'பரதேசி' என்ற சொல்லின் வரலாற்றில் ஓரளவு காணலாம். வடமொழியில் அது வேற்று நாட்டான் என்ற பொருளை மட்டுமே தந்தது. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட யூதர் தொழுகைக்கூடம் 'பரதேசி' என்ற அடைமொழியோடு இன்றும் வழங்குவது இப்பழைய பொருளிலாகும். பிற்காலத்தில் வந்து குடியேறிய யூதர், அதற்கு முன்பே கேரளத்தில் வாழ்ந்த யூதரிடமிருந்து அப்பெயரால் வேறுபடுத்தப்பட்டனர். கடல் கடந்து வந்து சிதறி வாழ்ந்த யூத சமூகம் ஒன்று தென்னிந்தியாவில் இப்பெயரைத் தாங்கியது விவிலியச் சொல்லாய்வுக்கு ஒரு நல்ல சான்றாகும். ஆனால் தமிழில் இச்சொல் துறவியையும் இரந்துண்பானையும் குறிப்பதாகி, பின்னர் வசைச்சொல்லாகவும் இழிந்தது. துறவி ஊர் ஊராகத் திரிபவர், பற்றற்றவர். இத்துறவுப் பொருள் விவிலிய வாசகத்தின் மேல் கவிந்தபோது, உரிமையற்ற குடியிருப்பாளர் பற்றற்ற வழிப்போக்கரானார். அன்று நான் அம்மூதாட்டிக்குக் கூறிய விடையும் இந்த வரலாற்றின் விளைவுதான்.

4. கிரேக்க வழக்கில் பாரோய்கோஸ்

சொல்லின் பகுதி விகுதிகளைக் கொண்டே அதன் பொருளைத் தீர்மானிக்கலாகாது என்று ஜேம்ஸ் பார் 1961இல் வெளியிட்ட நூலில் விவிலிய அறிஞர்களை எச்சரித்தார். அவ்வெச்சரிக்கையை ஏற்று வழக்கையே முதலில் நோக்குவோம்.

பழைய கிரேக்க வழக்கில் பாரோய்கோஸ் என்பது அயலில் வாழ்பவர் என்ற பொருளையே தந்தது. சோபக்கிளிசின் 'அன்டிகொனி' நாடகத்தில் செய்தி கொண்டுவருபவன் தீப்ஸ் நகர மக்களை இச்சொல்லாலேயே விளிக்கின்றான். கட்மோசின் அரண்மனைக்கு அருகில் வாழ்வோர் என்பதே அங்குப் பொருள். அந்நியம் என்ற சாயல் சிறிதும் இல்லை. பின்னர், அலெக்சாந்தருக்குப் பிந்திய காலத்துச் சின்ன ஆசியாவின் நகரங்களில் இது ஒரு சட்டநிலையின் பெயராயிற்று. பெர்கமோன் நகரின் கிமு 133ஆம் ஆண்டுத் தீர்மானம் இதற்குச் சிறந்த சான்று. அரசன் மூன்றாம் அத்தலோசின் மறைவை அடுத்து, பதிவேட்டில் இருந்த பாரோய்கோஸ் வகுப்பினருக்கு அந்நகரம் குடியுரிமை வழங்கியது. வழங்க வேண்டியிருந்தது என்பதிலிருந்தே அதற்குமுன் அவர்களுக்கு அது இல்லை என்பது பெறப்படும். பதிவேடு இருந்தது என்பதிலிருந்து, அவர்கள் வந்துபோகும் பயணிகளல்லர் என்பதும் பெறப்படும். அவர்கள் உழைத்தனர், வரி செலுத்தினர். நகரின் அவையில் அவர்களுக்கு இடமில்லை.

பேதுருவின் முதலாம் நிருபம் யாரை விளித்து எழுதப்பட்டது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா ஆகிய ஐந்து பகுதிகளும் இன்றைய துருக்கியில் அடங்குவன. பெர்கமோன் அவற்றுள் ஒன்றாகிய ஆசிய மாகாணத்தின் நகரம். அம்மண்ணில் வாழ்ந்தோரின் காதில் பாரோய்கோஸ் என்ற சொல் சட்டநிலையின் ஒலியோடுதான் விழுந்திருக்கும். இதனை முதன்மைப்படுத்தி ஜான் எலியட் 1981இல் எழுதிய நூல், இந்நிருபத்தின் வாசகர்கள் உண்மையிலேயே உரிமை குன்றிய குடியிருப்பாளர்கள் என்று வாதிட்டது. ரைன்ஹார்ட் பெல்ட்மையர் 1992இல் இதற்கு மாறாக, அந்நியம் என்பது கிறிஸ்தவர் தம் சமூகத்தில் பெற்ற புதிய அடையாளத்தின் உருவகமே என்றார். என் கருத்தில் இவ்விரண்டுள் ஒன்றைத் தெரிந்தேயாக வேண்டும் என்பதில்லை. உருவகமாகக் கொண்டாலும், உருவகம் எந்த வாழ்க்கையிலிருந்து எடுக்கப்பட்டதோ அந்த வாழ்க்கை வாசகனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் வாசகனுக்கு அது தெரிவதில்லை.

ஆதியாகமத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பில் ஆபிரகாம் தன்னைப் பாரோய்கோஸ் என்றும் பாரெபிதேமோஸ் என்றும் கூறும் சூழலும் இதனையே காட்டுகின்றது. இறந்த மனைவி சாராளை அடக்கம் செய்ய அவனுக்கு நிலம் வேண்டும். அவ்வூர் மக்கள் முன்னிலையில் வணங்கி நின்று கேட்கின்றான்; நானூறு சேக்கல் வெள்ளி கொடுத்து மக்பேலாக் குகையை வாங்குகின்றான். நெடுங்காலம் வாழ்ந்த நாட்டில் அவன் வாங்கியதாக அந்நூல் கூறும் முதல் நிலம் ஒரு கல்லறை. இங்கே பேசப்படுவது ஆன்மாவின் பயணம் அன்று, காணி உரிமை. சிட்னியின் ருக்வூட் இடுகாட்டில் பெற்றோரை அடக்கம் செய்த தமிழர் எவருக்கும் இக்காட்சிக்கு விரிவுரை தேவையில்லை.

5. தமிழ் விவிலியத்திற்குள் இருந்த சொல்

காணாமற்போன ஆட்டைக் கண்டுபிடித்தவன் தன் மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ள நண்பரோடு யாரை அழைத்தான்? லூக்கா பதினைந்தாம் அதிகாரத்தின் ஐக்கிய மொழிபெயர்ப்பு அவர்களை 'அயலகத்தார்' என்கின்றது. அங்கே கிரேக்க மூலம் 'கெய்தோன்' என்ற வேறொரு சொல். அண்டை வீட்டார் என்பது அதன் பொருள். ஆனால் 'அயலகத்தார்' என்ற தமிழ்ச் சொல்லை உறுப்புறுப்பாகப் பிரித்து நோக்கின் அயல், அகம் என்றாகின்றது. பாரோய்கோஸ் என்பதைப் பிரிப்பின் 'பாரா' அயல், 'ஓய்கோஸ்' அகம். இரு மொழிகளும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே கருத்தை ஒரே முறையில் சொல்லாக்கியிருக்கின்றன.

பகுதி ஒத்திருப்பது மட்டும் போதாது என்று மேலே கூறினோம். வழக்கும் ஒத்திருக்கின்றது என்பதே இங்கே முக்கியம். தமிழில் 'அயலார்' அண்டையிலிருப்போரையும் குறிக்கும். தம்மைச் சாராத வேற்றாரையும் குறிக்கும். யாழ்ப்பாண வழக்கில் 'அயலவர்' என்றால் பக்கத்து வளவில் இருப்போர். நன்மை தீமைகளுக்கு முதலில் வந்து நிற்பவர்கள் அந்த அயலட்டைச் சனங்களே. 'அயல்நாட்டார்' என்றால் பிறநாட்டவர். அண்மையும் அந்நியமும் ஒரே சொல்லில் தங்குவது கிரேக்கச் சொல்லின் வரலாற்றில் நாம் கண்ட அதே இயல்பாகும். 'அந்நியர்' என்ற சொல்லில் அந்நியம் மட்டுமே உண்டு; அண்மை இல்லை.

இச்சொல்லால் கிடைக்கும் பயன் எபேசியர் 2:19இல் மிகத் தெளிவாகும். கிரேக்கத்தில் அவ்வசனம் ஒரு சொல்விளையாட்டின்மேல் அமைந்தது: நீங்கள் இனிப் பாரோய்கோஸ் அல்ல, கடவுளின் 'ஓய்கேயோஸ்' என்பது அதன் போக்கு. இரண்டிலும் ஓய்கோஸ் இருக்கின்றது. தமிழில் முன்னது 'பரதேசி', பின்னது 'வீட்டார்', தொடர்பு அறுந்துவிட்டது. 1995இன் பொது மொழிபெயர்ப்பில் முன்னது 'வேற்று நாட்டினர்', பின்னது குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். அங்கும் தொடர்பு இல்லை. அயலகத்தாராயிருந்தவர் அகத்தாராயினர் என்று கொண்டால் மூலத்தின் வாதமே தமிழில் வந்துவிடுகின்றது. அவ்வாறே பேதுருவின் நிருபத்திலும் பாரோய்கோஸ் ஆனவர்கள் கடவுளின் ஓய்கோசாகக் கட்டப்படுகின்றனர் என்பது எலியட் எடுத்துக்காட்டிய அமைப்பு. ஐக்கிய மொழிபெயர்ப்பில் இந்த ஓய்கோஸ் 2:5இல் 'மாளிகை' ஆகவும் 4:17இல் 'வீடு' ஆகவும் பிரிந்து நிற்பதால், வீடற்றோர் வீடாதல் என்ற அதன் நடுக்கருத்து தமிழில் புலப்படாமற் போகின்றது.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு. 'அயலகம்' என்பது இன்று தமிழ்நாட்டு அரசின் வழக்கில் வெளிநாட்டைக் குறிக்கின்றது. ஜனவரி 12 'அயலகத் தமிழர் நாள்' எனக் கொண்டாடப்படுகின்றது. ஆகவே 'அயலகத்தார்' என்ற சொல் அண்டை வீட்டாரைக் குறிக்கும் என்று இன்றைய வாசகர் கொள்ளமாட்டார் எனலாம். இவ்வழக்கில் வரும் அகம், தமிழகம், தாயகம் என்பனவற்றில் போல நிலத்தைக் குறிப்பது. லூக்காவில் வரும் அகம் வீட்டைக் குறிப்பது. இவ்வேறுபாட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரே சொல் ஒரு நூற்றாண்டில் பக்கத்து வீட்டாரையும் இன்னொரு நூற்றாண்டில் கடல் கடந்தோரையும் குறிக்க முடிந்தமையே, பாரோய்கோஸ் கடந்துவந்த பாதையைத் தமிழும் கடந்து வந்திருக்கின்றது என்பதற்குச் சான்றாகும். இரு பொருளும் வாசகரின் காதில் ஒருங்கே ஒலிப்பின் அது மொழிபெயர்ப்புக்கு ஊறு அன்று.

6. 'புலம்பெயர்' என்னும் கலைச்சொல்

1 பேதுரு 1:1இல் 'தியாஸ்பொரா' என்ற சொல்லும் வருகின்றது. யோவான் 7:35, யாக்கோபு 1:1 ஆகியன புதிய ஏற்பாட்டில் அது வரும் மற்றைய இரு இடங்கள். மூன்றிலும் ஐக்கிய மொழிபெயர்ப்பு 'சிதறியிருக்கிற' என்ற எச்ச வடிவையும் அதன் வழிவந்த பெயரையும் கையாள்கின்றது. இச்சொல்லே 1991க்குப் பின் சமூகவியல் ஆய்வுகளில் பெருவழக்கானது; தமிழாய்வில் 'புலம்பெயர்வு', 'புலம்பெயர்ந்தோர்' என்பன அதற்கு நிகராயின. நம் மாநாடுகளில் தனி அமர்வுகள் இப்பெயரால் அமைகின்றன.

'புலம்பெயர் மாக்கள்' என்ற தொடர் பட்டினப்பாலையிலும் சிலப்பதிகாரத்திலும் உண்டு என்பதை நாம் பெருமையோடு எடுத்துக்காட்டுகின்றோம். ஆனால் அங்கே அத்தொடர் யாரைக் குறிக்கின்றது என்பதைப் பெரும்பாலும் சொல்லாமல் விடுகின்றோம். அவர்கள் தமிழகத்தை விட்டுச் சென்ற தமிழர் அல்லர்; காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து கலந்து வாழ்ந்த பிறமொழியாளர். தமது நகரத்தில் குடியிருந்த பாரோய்கோசைக் குறிக்கவே நம் முன்னோர் அத்தொடரைப் படைத்தனர். இன்று நாம் நம்மைக் குறிக்க அதனைப் பயன்படுத்துகின்றோம். பார்வை ஊராரிடமிருந்து வந்தாரிடம் மாறிவிட்டது. மாறியபோது 'கலந்து உறைதல்' என்ற பகுதி விடுபட்டு, 'பெயர்தல்' மட்டும் எஞ்சியது.

பெயர்தல் ஒரு நாளில் நிகழ்ந்து முடிவது. உறைதல் நாற்பது ஆண்டுகள் நீடிப்பது. நம் கலைச்சொல் முன்னதற்கு மட்டும் பெயர் வைத்திருக்கின்றது. இதனால் ஆய்வு இழப்பது யாது என்பதற்கு மூன்று எடுத்துக்காட்டுகள் தரலாம்.

முதலாவது, வென்ட்வேர்த்வில் வாழ் தமிழரே. ஒரே மண்டபத்தில் ஒரே பொங்கல் விழாவில் அமர்ந்திருப்போருள் மூன்று நிலையினர் உள்ளனர். குடியுரிமை பெற்றோர், நிலையான வதிவுரிமை மட்டும் பெற்றோர், தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் ஆண்டுகளைக் கழித்தோர். இக்கடைசி விசா 1999இல் கொண்டுவரப்பட்டு, 2008இல் நீக்கப்பட்டு, 2014இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது. அதனைப் பெற்றிருந்தோருக்கு நிரந்தர நிலைக்கான வழி 2023இல்தான் திறந்தது. புகலிடக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டோருக்கு அவ்வழியும் இல்லை. கிரேக்கத்தில் இம்மூன்று நிலைகளுக்கும் பொலிதேஸ், பாரோய்கோஸ், பாரெபிதேமோஸ் என மூன்று சொற்கள் கிட்டத்தட்டப் பொருந்தும். 1995இன் பொது மொழிபெயர்ப்பு பாரெபிதேமோசுக்குத் 'தற்காலக் குடிகள்' என்று தந்திருப்பது இவ்வகையில் பாராட்டுக்குரியது. ஆனால் நம் ஆய்வுக் கட்டுரைகளில் இம்மூவரும் 'புலம்பெயர்ந்தோர்' என்ற ஒரே தொகுதியாகின்றனர். பேசுபவர் பெரும்பாலும் முதலாம் நிலையினர். நானும் அந்நிலையினனே.

இரண்டாவது, மலையகத் தமிழர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கைகளாகப் பங்கிட்டது. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. தலைமுறைகளாகத் தேயிலை பறித்து நாட்டின் வருவாயைப் பெருக்கி, வாக்கின்றி வாழ்ந்த அவர்களே தமிழ் வரலாறு கண்ட மிகப் பெரிய பாரோய்கோஸ் சமூகம். அவர்களை அக்காலத்தில் 'வடக்கத்தியார்' என்றும் 'தோட்டக்காட்டார்' என்றும் அழைத்தவர்களுள் யாழ்ப்பாணத்தவராகிய நாமும் இருந்தோம் என்பதை இங்கே சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது.

மூன்றாவது, தமிழ்நாட்டின் முகாம்களில் 1983 முதல் வாழும் ஈழத் தமிழர். 2021இல் அம்முகாம்களின் பெயர் 'அகதிகள் முகாம்' என்பதிலிருந்து 'மறுவாழ்வு முகாம்' என மாற்றப்பட்டது. பெயர் மாறியது வரவேற்கத்தக்கது. சட்டநிலை அதனோடு மாறவில்லை. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் அவர்கள் இடம்பெறவில்லை. தமிழ் பேசும் நிலத்திலேயே தமிழர் அயலகத்தாராயிருக்கும் இந்நிலையைப் 'புலம்பெயர்வு' என்ற சொல் விளக்குவதில்லை.

இவ்விடத்தில் மறுபக்கமும் ஒன்று உண்டு. வென்ட்வேர்த்வில் என்ற பெயர் குடியேற்றக் காலத்தின் வென்ட்வேர்த் குடும்பத்தால் வந்தது. அந்நிலம் அதற்கு முன் தாருக் மக்களுடையது. அவர்களுக்கு அயலில் வந்து அமர்ந்தவர்கள் நாம். பாரோய்கோஸ் என்ற சொல் 'எனக்கு உரிமை இல்லை' என்ற குறையை மட்டும் சொல்வதன்று. 'நான் யாருக்கு அயல்?' என்ற கேள்வியையும் உடன் எழுப்புவது. 'புலம்பெயர்ந்தோர்' என்ற சொல்லில் இக்கேள்விக்கு இடமில்லை. அது விட்டுவந்த புலத்தையே திரும்பிப் பார்க்கின்றது.

முடிவுரை

இவ்வாய்வின் முடிபுகளைப் பின்வருமாறு தொகுக்கலாம். புதிய ஏற்பாட்டின் மூன்று வேறு இணைகள் ஐக்கிய மொழிபெயர்ப்பில் ஒரே தமிழ் இணையாயின. பாரோய்கோஸ் என்ற சொல்லும் அதன் இனச்சொற்களும் குறித்த 'உரிமையின்றி உறைதல்' என்ற பொருள், 'பரதேசியாய்ச் சஞ்சரித்தல்' என்ற துறவுச் சாயலில் மறைந்தது. அச்சொல்லுக்கு அமைப்பாலும் வழக்காலும் மிக நெருங்கிய 'அயலகத்தார்' என்ற சொல் அதே மொழிபெயர்ப்பில் லூக்காவின் உவமையில் இருந்தும் இங்கே கைக்கொள்ளப்படவில்லை.

இதனால் இரு பரிந்துரைகளை இம்மாநாட்டின் முன் வைக்கின்றேன். இனிவரும் விவிலியத் திருத்தங்களில் க்சேனோசுக்கு 'வேற்றார்', பாரெபிதேமோசுக்குத் 'தற்காலக் குடிகள்', பாரோய்கோசுக்கு 'அயலகத்தார்' என மூன்று சொற்கள் வேறுவேறாகக் கையாளப்படுதல் வேண்டும். தமிழாய்வில் 'புலம்பெயர்வு' என்பதை இடமாற்றத்திற்கு மட்டும் வைத்துக்கொண்டு, அதன்பின் தொடரும் நெடிய வாழ்வுக்கு 'அயலுறைவு' என்ற சொல்லைப் பயன்படுத்தலாம். எவர் எந்தச் சட்டநிலையில் உறைகின்றார் என்பதைக் கட்டுரையாளர்கள் குறிப்பிடுவதும் இன்றியமையாதது.

அம்மூதாட்டியின் கேள்விக்கு இன்று என்னிடம் வேறு விடை உண்டு. 'பரதேசி' என்று அவரை அழைக்கும் உரிமை அந்த வசனத்திற்கு இல்லை. வீடு வாசலோடு இருந்து, அதனை இழந்து, வேறோர் ஊரில் மீண்டும் ஒரு வீட்டை உண்டாக்கி, அந்த ஊருக்கு அயலாராகவே வாழ்ந்தவர்களுக்கு எழுதப்பட்ட நிருபம் அது. அவர் அதனைத் தவறாக வாசிக்கவில்லை. மொழிபெயர்ப்பு தவறவிட்ட இடத்தை அவர் சரியாகவே தொட்டுக் காட்டினார்.